எங்கே வைத்தீர்கள்

கதையில் அந்த இடம் வந்ததும் ஜலஜாவின் பின்னல் ஊசி நின்றது.

ஹேமலதா தீதி புதன்கிழமைதோறும் பவானிப்பூரில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் கம்பளி பின்னக் கற்றுக்கொடுக்கும் வங்காளக் கிறிஸ்தவப் பெண். பின்னல் முடிந்ததும் பைபிளிலிருந்து கொஞ்சம் வாசிப்பாள். "பின்னலை வாங்கிக்கோ, கதையை வாசல்லயே விட்டுடு. இல்லாட்டா உனக்கு மேரின்னு பேர் வெச்சுடுவா" என்று கீழ்வீட்டுக் காமு மாமி கேலி செய்திருந்தாள்.

அன்று வாசித்ததும் ஒரு மேரியின் கதைதான். விடிகாலையில் தன் குருவின் கல்லறைக்குப் போகிறாள். உடல் அங்கே இல்லை. வெளியே நின்று அழுகிறாள். பக்கத்தில் நிற்பவரைத் தோட்டக்காரன் என்று நினைத்து, நீங்கள் எடுத்துப் போயிருந்தால் எங்கே வைத்தீர்கள், சொல்லுங்கள், நான் கொண்டுபோகிறேன் என்கிறாள்.

"அப்புறம் அவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவர்தான்! உயிரோடு!" தீதியின் முகம் மலர்ந்தது.

ஜலஜாவின் மனசு அவ்வளவு தூரம் வரவில்லை; 'கொண்டுபோகிறேன்' என்ற இடத்திலேயே நின்றிருந்தது. "ஒருத்தியா எப்படித் தூக்குவா, தீதி?" என்று அரைகுறை பெங்காலியில் கேட்டாள்.

தீதி இத்தனை வருஷம் வாசித்தும் யோசிக்காத கேள்வி. "அதையெல்லாம் அவள் நினைக்கவில்லை, பௌமா" என்று, மருமகளைக் கூப்பிடும் வங்காளச் சொல்லில், மெதுவாகச் சொன்னாள்.

தீதி போன பிறகும் ஜலஜா எழுந்திருக்கவில்லை. போன மழைக்காலத் தொடக்கத்தில், ஏழு மாதக் குழந்தை சுப்புலக்ஷ்மியை ஜுரம் கொண்டுபோயிற்று. பல் முளைக்காத குழந்தைக்கு நெருப்பு இல்லை, மண்தான். பத்தும் இல்லை, திவசமும் இல்லை. பெண்கள் கூடப் போவதும் வழக்கமில்லை. கணவன் மஹாதேவன் குழந்தையைத் தன் வேஷ்டியில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு, நண்பர் சுந்தரேசனோடு படியிறங்கினான். நனைந்து திரும்பி வந்தான். மறுநாள் ஆபீஸ் போனான். ஊராக இருந்தால், ஆற்றங்கரையில் எந்த இடம் என்று கேட்காமலே தெரிந்திருக்கும். இந்தப் பெரிய பட்டணத்தில் தன் குழந்தை எந்தத் திக்கில் கிடக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியாது. கேட்டால் அவன் முகம் என்ன ஆகுமோ என்று பயந்தாள். கேட்காமலே இருந்ததில் வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று.

சாயங்காலம் அவன் காபியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டாள்.

"ஏன்னா, குழந்தையை எங்கே வெச்சேள்?"

டம்ளர் அந்தரத்தில் நின்றது. "அந்தப் பின்னல்கார அம்மா ஏதாவது சொன்னாளா?"

"அவளை விடுங்கோ. நான் என்ன தூக்கிண்டு வரவா போறேன்? எங்கேன்னு மட்டும் சொல்லுங்கோ."

அவன் டம்ளரைத் தாழ இறக்கினான்.

"டாக்குரியா பக்கம். ரயில் பாதை தாண்டி ஒரு மேடு. அடையாளத்துக்கு ஒரு செங்கல் வெச்சேன். மழை விட்டப்புறம் போய்ப் பார்த்தா செங்கல்லைக் காணோம். எல்லா இடமும் ஒரே புல்லு."

"போனேளா?"

"ஞாயித்துக்கிழமை பஜனைக்குன்னு சொல்லிட்டுப் போவேனே..." டம்ளரை அவளிடம் நீட்டினான். "எந்த இடம்னு தெரியலைடி. உங்கிட்ட என்னன்னு வந்து சொல்லுவேன்?"

மறந்துவிட்டான் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஆறிப்போன காபியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சுட வைத்துக் கொண்டுவந்து கொடுத்தபோது, "ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றாள்.

வாடகை வண்டியை ரயில் பாதையருகே நிறுத்திவிட்டு நடந்தார்கள். வயல்களுக்கு நடுவே சின்ன மேடு. முழங்கால் உயரப் புல். தூரத்தில் இரண்டு பசுக்கள்.

மஹாதேவன் வேகமாக முன்னே போனான். ஓரிடத்தில் நின்றான். "இங்கேதான்..." என்றான். பிறகு, "இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி." மறுபடி நின்றான். மறுபடி தலையாட்டினான்.

பின்னாலிருந்து சத்தமே வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தான்.

மேட்டின் ஓரத்தில், புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி, ஜலஜா வந்துகொண்டிருந்தாள். எங்கே என்று தெரியாததால் எங்குமே அழுத்தி மிதிக்கவில்லை. புல்லைக் கையால் விலக்கி, பாதத்தின் முன்பாதியை மட்டும் ஊன்றி, தூங்கும் குழந்தை இருக்கும் அறையைக் கடப்பவள் போல வந்தாள்.

மஹாதேவன் நின்ற இடத்திலேயே குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினான்.