அரிசி ஆலைக்குள் ஒரு தெரு

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், மூடிக்கிடந்த அரிசி ஆலை சரோஜாவுக்கும் அவள் தம்பி சுப்பிரமணிக்கும் சொந்தம். அப்பா போனபின் எட்டு வருடமாக அங்கே ஆள் நடமாட்டமில்லை. நெல் காயவைத்த களத்தில் சீமைக்கருவேல் மண்டியிருந்தது.

1991 ஆடி மாதம், சிமெண்டு கிடங்கு கட்ட ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். அக்கா தம்பி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். அன்று சுப்பிரமணியின் ஸ்கூட்டர் பழுதாகியிருந்ததால், மண்ணூரிலிருந்து அக்காவோடு பேருந்திலேயே கிளம்பினான்.

சரோஜா ஸ்ரீபெரும்புதூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. சிறுவயதில் வந்த காய்ச்சலில் இடதுகால் சூம்பிப்போனது. மணமாகவில்லை. பதினாறு வருடமாக இதே வழியில் போய்வருகிறாள். சுப்பிரமணி அவளோடு ஒருநாளும் பேருந்தில் போனதில்லை.

முதல் பேருந்து நிற்கவில்லை. இரண்டாவதில் படிக்கட்டு வரை ஆள். மூன்றாவதில், அரசு மருத்துவமனை நர்ஸ் ஜாஸ்மின் உள்ளேயிருந்து குனிந்து, சரோஜாவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். தினமும் அப்படித்தான் என்பது இருவரும் பேசிக்கொள்ளாமலே செய்ததில் தெரிந்தது.

கையெழுத்துக்கு முன் அவள் பள்ளியில் தலைகாட்ட வேண்டியிருந்தது. இறங்கியபின் கடைத்தெருப் பக்கமிருந்த பள்ளிக்கு, ஆலையின் மதிலைச் சுற்றிக்கொண்டு கால்மணி நேரம் நடக்கவேண்டும். பாதி வழியில் சரோஜா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அவர்கள் மதில்தான்.

"இத்தினி வருசமா சொல்லவே இல்லியேக்கா."

"நீ கேக்கவே இல்லியேடா."

அவன் வேறுபக்கம் திரும்பிக்கொண்டான். மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்தபடி கேட்டான்: "உனக்கு இந்த எடத்த இன்னா பண்ணணும்னு ஆச?"

அவள் அதை எப்போதோ யோசித்து வைத்திருந்தாள். "நம்ம பஸ்ல வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இங்கதான் வேலை. குடியிருக்கத்தான் எடமில்ல. சின்னச் சின்ன வூடா கட்டலாம். நடந்தே வேலைக்குப் போவாங்க."

சுப்பிரமணி கிடங்குக்காரரிடம் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தான்.

மேஸ்திரி பாண்டுரங்கன் களத்தை அளந்தார். பேருந்து நிலையத்திலிருந்து கடைத்தெருவரை நடுவில் வழி விடவேண்டும் என்று சுப்பிரமணி சொன்னதும் அவருக்கு மனம் வரவில்லை.

"வழி வுட்டா ரெண்டு வூடு போயிடுமே சார்."

"போவட்டும் மேஸ்திரி. ஜனங்க நடக்கட்டும்."

மறுவருடம் வைகாசிக்குள் பன்னிரண்டு வீடுகள் எழுந்தன. இரண்டு பக்கமும் மதிலை இடித்தார்கள். காய்கறிக் கூடைக்காரிகள்தான் முதலில் அந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். ஜாஸ்மின் கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் மூன்றாம் வீட்டுக்கு வந்தாள். படிக்கட்டு இல்லாத முதல் வீட்டைச் சுப்பிரமணி அக்காவுக்கென்று ஒதுக்கியிருந்தான். தனியாக எப்படி இருப்பாள் என்று அவன் மனைவிக்குக் கவலை. சரோஜாவுக்கும் உள்ளூரப் பயம் இருந்தது, ஆனாலும் குடிவந்தாள்.

பள்ளி திறந்த வாரம், மத்தியான இடைவேளையில் சுப்பிரமணி வந்தான். சரோஜா வீட்டில்தான் இருந்தாள். பள்ளியிலிருந்து சாப்பிட வந்திருந்தாள். அவனையும் உட்காரவைத்து, கீரைக் குழம்பு ஊற்றினாள். பள்ளிக்கூட நாளில் அவர்கள் சேர்ந்து சாப்பிடுவது அதுதான் முதல்முறை. அவன் அவசர அவசரமாகச் சோற்றைப் பிசைந்தான்.

"மெதுவா துன்னுடா," என்றாள். "பெல் அடிக்க இன்னும் நேரங்கீது."

இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு, அவளும் எதிரே உட்கார்ந்தாள்.