ஃபனீகாவுக்குப் போட்ட வடிகட்டி

டான்யூப் நதிக்கரையிலுள்ள கலாத்ஸ் நகரத்தில், எதிர் அடுக்குமாடி பிளாக்குக்காரரின் ரூட்டர் சொல்வதை வடிகட்டிக் கேட்பது, விருந்தாளி கிளம்பியதும் கரண்டிகளை எண்ணிப் பார்ப்பதற்குச் சமம். அதனால்தான் செவெரீனா அதைச் செய்யாமலே இருந்தாள். தன் பிளாக்குக்கு இணையம் நடத்துகிறவள் அவள். எதிர் பிளாக்குக்கு நடத்துகிறவர் ஃபனீகா. தெருவைத் தாண்டித் தொங்கிய கேபிள் வழியாக, எந்த முகவரிக்கு எப்படிப் போகலாம் என்று இருவரின் ரூட்டர்களும் ஓயாமல் பேசிக்கொள்ளும். ஒன்று சொன்னதை மற்றது அப்படியே நம்பும். எதிர் பிளாக்கு பார்க்கும் டிவி சீரியல்கூட செவெரீனாவிடமிருந்து இந்தக் கேபிள் வழியாகத்தான் போகும்.

அன்று சாயங்காலம் குடியிருப்போர் கூட்டம். செவெரீனாவே தொடர்வதா, பெரிய கம்பெனியைக் கூப்பிடுவதா என்று கைதூக்கி முடிவு செய்யப் போகிறார்கள். அன்றைக்கென்று பார்த்து மத்தியானம் இணையம் நின்றே போகிற மாதிரி ஊர்ந்தது. ஒரு மின்னஞ்சல் போய்ச் சேர்வதற்குள் நான்காம் மாடிக்காரருக்குத் தாடி வளர்ந்துவிட்டது.

செவெரீனா திரையைப் பார்த்தாள். ஃபனீகா காலையில் மாட்டிய புது ரூட்டர், உலகம் முழுவதற்கும் தானே குறுக்குவழி என்று பீற்றிக்கொண்டிருந்தது. அதை நம்பி அவளுடைய ரூட்டர் பிளாக்கின் மொத்தப் போக்குவரத்தையும் அவருடைய ஒல்லி இணைப்புக்குள் திணித்தது. டான்யூப் நதியை ஸ்ட்ராவுக்குள் விட்டால் எப்படியிருக்கும்!

பால்கனிக்கு ஓடிக் கத்தினாள்.

"ஃபனீகா அண்ணே! உங்க பெட்டி ஒலகத்துக்கே நான்தான் வழிங்குது!"

"புதுப் பெட்டி, சின்னப் புள்ள மாதிரி. ஆசைப்பட்டுட்டுப் போகட்டுமே!"

"எனக்கு ஆறு மணிக்குக் கூட்டம்ணே! இப்பவே சரி பண்ணுங்க!"

"கையெல்லாம் மீன் செதிள்மா. கெண்டைய அடுப்புல ஏத்திட்டு வர்றேன்."

கெண்டைக்காகக் காத்திருந்தால் பிழைப்பு போய்விடும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு வடிகட்டியை எழுதினாள்: ஃபனீகாவின் ரூட்டர் அவருடைய பிளாக்கின் முகவரிகளுக்கு மட்டும் வழி சொல்லலாம், மற்றதைக் காதில் வாங்காதே. அடுத்த நிமிடம் இணையம் குதிரையானது. மறைக்க மனமில்லாமல் அதையும் கத்திச் சொன்னாள்.

"எனக்கே வடிகட்டியா? எம்பொண்ணு கல்யாணத்துல விடிய விடிய ஆடுனவ நீ! இரு, நானும் உனக்கு ஒண்ணு போடுறேன்!"

போட்டார். ஆறு மணிக்குக் கூட்டம் தொடங்கியதும் எதிர் பிளாக்குப் பெண்கள் ஒரு படையாகவே உள்ளே நுழைந்தார்கள். நடுவில் ஃபனீகா, கைதி மாதிரி.

"உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றாள் பிளாக் தலைவி அக்லாயா.

"செவெரீனாகிட்டேர்ந்து வர்ற சீரியல் வேணும்! கல்யாணப் பொண்ணு சம்மதம்னு சொல்ல வாயத் தொறந்தா, அப்படியே நின்னுடுச்சு!"

"நான் இவளோட ஒரே ஒரு முகவரியத்தான் வேண்டாம்னேன்" என்று முனகினார் ஃபனீகா.

"மத்ததெல்லாம் வரட்டும்னு கீழ ஒரு வரி எழுதினீங்களா?" என்றாள் செவெரீனா. "பேர் சொல்லாத எதையும் அது உள்ள விடாதுண்ணே."

"அதச் சொல்லணுமா? மரியாதை தெரிஞ்ச பெட்டின்னா தானா உள்ள விட்டுடாதா?"

அக்லாயா தன் ஆட்களைப் பார்த்தாள். "எதிர் பிளாக்கே இவளுக்காக அடிச்சுக்குது. நாம வேற ஆளத் தேடுறோமா? செவெரீனாவே போதும்ங்கிறவங்க கையத் தூக்குங்க."

கைகள் காடாய் எழுந்தன. ஃபனீகா இரண்டு கைகளையும் தூக்கினார்.

"நீங்க எறக்குங்க. உங்க பிளாக்குக்கு மட்டும்தான் நீங்க சொல்லலாம். எங்களுக்காக நீங்க சொல்றது செல்லாது" என்றாள் அக்லாயா.

தூக்கிய கைகளோடு அவர் செவெரீனாவைப் பார்த்தார். "இதத்தான் எம்பெட்டிகிட்டயும் சொன்னியா?"

"இதேதாண்ணே."

"அட, இவ்வளவுதானா! இதுக்கா நான் கெண்டையக் கருக விட்டேன்?" என்று அவர் சிரித்த சிரிப்பில் எட்டாம் மாடி ஜன்னல்கள்வரை அதிர்ந்தன. "உன் வடிகட்டி இருக்கட்டும். என்னோடதுக்கு அந்தக் கடைசி வரிய எழுதிக் குடு."