கட்டை போட்டு நிறுத்திய வண்டி

டுவெய்ன் இறங்குவதற்கு முன்பே சிவப்புக் கட்டையைக் கயிற்றோடு புல்லில் போட்டு, சைடு ஸ்டாண்டை அதன்மேல் அழுத்தி, மோட்டார் சைக்கிளை மெல்லச் சாய்த்தார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். சர்ச் புல்வெளி மழையில் ஊறிக் கிடந்தது. நானூறு கிலோ வண்டியைக் கட்டை இல்லாமல் நிறுத்தினால், பாதிரியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள் அது படுத்துவிடும்.

அத்தனை கட்டைகளும் வெர்லின் அறுத்துக் கொடுத்தவை. வட்டமாக வெட்டி, சிவப்புச் சாயம் பூசி, நடுவில் துளைபோட்டுக் கயிறு கட்டி, மோட்டார் சைக்கிள் கிளப்பில் கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் கொடுத்திருந்தார். இப்போது அவர் உள்ளே, பலிபீடத்துக்கு முன்னால் போட்ட மேசையில், சிறிய மரப்பெட்டிக்குள் சாம்பலாக இருந்தார். பக்கத்தில் அவருடைய ஹெல்மெட். வாசலில் நின்ற அவருடைய மனைவி மார்லிஸ் புல்வெளியில் கிடந்த கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

ஆராதனை முடிந்து எல்லோரும் கீழ்த்தளத்துக்குச் சாப்பிட இறங்கினார்கள். ஹாம் இறைச்சி வைத்த பன், உருளைக்கிழங்கு, கறுப்புக் காப்பி. கிளப் ஆட்கள் தோல் ஜாக்கெட்டுகளை நாற்காலியில் மாட்டிவிட்டு ஒரே மேசையில் கூடினார்கள். முதலில் கொஞ்ச நேரம் வெர்லினைப் பற்றி மெதுவாகப் பேசினார்கள். காப்பி இரண்டாவது முறை வந்ததும் பேச்சு தன் பழைய தடத்துக்குப் போய்விட்டது. பின்சக்கரத்துக்குக் கார் டயர் போடலாமா கூடாதா, எந்த சீட்டில் இடுப்பு பிடிக்காது, எந்த எண்ணெயை எத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்றுவது. கார் டயர் போட்டவர்கள் ஒரு பக்கம், போடாதவர்கள் ஒரு பக்கம். வெர்லின் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் அவரே பேசியிருப்பார்.

ராய்ஸ் என்ற தடித்த மனிதர்தான் அந்த வேடிக்கையைத் தொடங்கினார். ஊரில் எங்கே சாவு என்றாலும் சிரிக்க வைப்பதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்பவர்.

"மாரடைப்பு வருது, ஆளு போகப்போறான். அப்பவும் வண்டியை ஓரம் கட்டி, கட்டையைப் போட்டு, ஒழுங்கா நிறுத்திட்டுத்தான் செத்திருக்கான். நம்மள்ல எவனுக்குய்யா அது வரும்?"

மேசை முழுக்கச் சிரித்தது. மார்லிசும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேசைக்கு அடியில் கைக்குட்டையை முறுக்கினாள். கட்டை போட நேரம் இருந்தது என்றால், அவளைக் கூப்பிடவும் நேரம் இருந்திருக்கும். அந்தக் கணக்கை அங்கே அவளைத் தவிர யாரும் போடவில்லை.

அன்று அவள் தன் வண்டியில் முன்னால் போனாள், வெர்லின் தன் வண்டியில் பின்னால் வந்தார். எப்போதும் அப்படித்தான், அவள் வளைவில் என்ன செய்கிறாள் என்று அவர் பார்க்கவேண்டும். டுவெய்ன் பெட்ரோல் போடப் பின்தங்கிவிட்டார். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் காலையிலிருந்து வெர்லினின் குரல் ஓயவே இல்லை. கார் டயர், பிறகு அவள் பிரேக் பிடிக்கும் விதம், பிறகு போன மாதம் ஓட்டல் வாசலில் அவள் கட்டை போட மறந்து வண்டி உருகிய தாருக்குள் சாய்ந்த கதை. அந்தக் கதையை அவர் கிளப் முழுக்கச் சொல்லித் தீர்த்திருந்தார். நதி தெரிய ஆரம்பித்த இடத்தில் அவள் இடது கையை ஹெல்மெட்டுக்குக் கொண்டுபோய், குமிழைக் கீழே திருப்பினாள். 'டக்' என்றது. காற்று மட்டும் கேட்டது.

அந்தக் கோடைகாலத்திலேயே அவள் மிகச் சந்தோஷமாக ஓட்டியது அந்தத் தூரத்தைத்தான். அதை அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. கண்ணாடியில் ஒருமுறை பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. பின்னால் வருகிறவனைக் காணோம் என்றால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது கிளப்பில் குழந்தைக்கும் தெரிந்த விதி. டுவெய்னுக்காக நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, அன்று அவர்கள் சாப்பிட நிற்கவிருந்த, பழம் வைத்துச் சுட்ட 'பை' விற்கும் கடைவரை அவள் போய்விட்டாள். அவருக்குப் பிடித்த திராட்சைப் பையையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அது மேசைக்கு வந்த பிறகுதான் டுவெய்னிடமிருந்து போன் வந்தது.

"அம்மா."

மகள் கிறிஸ்டா எதிரில் வந்து உட்கார்ந்தாள். டென்வரிலிருந்து வந்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை, கண் வீங்கியிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் எப்பவும் ஹெல்மெட்ல பேசிக்கிட்டேதானே போவீங்க. அப்பா கடைசியா உன்கிட்ட என்ன பேசினாரு?"

 டுவெய்ன் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"பை பத்தி," என்றாள் மார்லிஸ். குரல் சாதாரணமாக வந்ததில் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. "தனக்குத் திராட்சைப் பை சொல்லி வைன்னாரு."

"அவன்தான்யா," என்றார் ராய்ஸ். எல்லோரும் தலையாட்டிச் சிரித்தார்கள். கிறிஸ்டா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி," என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் வெர்லின் விழுந்த இடம்வரை சேர்ந்து ஓட்டிப்போவதாக ஏற்பாடு. அன்றிலிருந்து பை கடை வாசலிலேயே நின்ற மார்லிசின் வண்டியை டுவெய்ன்தான் காலையில் கொண்டுவந்து சர்ச் மரத்தடியில் நிறுத்தியிருந்தார். ஹெல்மெட் அதிலேயே மாட்டியிருந்தது. ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பழைய கட்டை. சாயம் உரிந்து, ஒரு பக்கம் புதுத் தார் ஒட்டியிருந்தது.

"அவனோடதுதான், அன்னிக்குப் போட்டது," என்றார் டுவெய்ன். "உன் வண்டிப் பையில கட்டையைக் காணோம். இருந்தாத்தானே ஆச்சரியம்."

 டுவெய்ன் கையுறையைப் போட்டார், பிறகு கழற்றினார்.

"அன்னிக்கு அவன் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு ஹெல்மெட்ல உன்னைக் கூப்பிட்டேன், மார்லிஸ். நிறைய தடவை. நீ கேக்குற தூரத்துலதான் இருந்த. அப்புறம்தான் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில கிறிஸ்டா கேட்டா, அம்மாவுக்கு ஏன் தெரியலன்னு. அம்மா ஹெல்மெட்ல பேட்டரி காலையிலயே போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

 மார்லிஸ் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பேட்டரி போனவளிடம் பை கேட்டது யார்? கிறிஸ்டா 'சரி' என்றது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பேட்டரி நிறைய இருந்துச்சு, டுவெய்ன்."

"தெரியும். காலையில வண்டி எடுக்கும்போது பார்த்தேன்." அவர் தரையைப் பார்த்தார். "அவன் வாயைத் திறந்தா யாரால தாங்க முடியும்? நானே எத்தனையோ தடவை அணைச்சிருக்கேன். ராய்ஸும்தான்."

"நீங்க அணைச்சப்ப அவர் சாகல."

  டுவெய்ன் அவள் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுத் தன் வண்டிக்கு நடந்தார்.

கிறிஸ்டா படியிறங்கி வந்தாள். மேசையில் இருந்த அப்பாவின் ஹெல்மெட்டை எடுத்துவந்திருந்தாள். அவளுக்கு அது பெரிதாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் அம்மாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். முன்னே வண்டிகள் ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு கிளம்பின, ஒவ்வொருவரும் கயிற்றை இழுத்துக் கட்டையைத் தூக்கி வண்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

மார்லிஸ் ஹெல்மெட்டை மாட்டி, எஞ்சினைக் கிளப்பினாள். பக்கத்துக் கண்ணாடியில் கிறிஸ்டாவின் முகம் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மார்லிசின் காதில் ஒன்றும் விழவில்லை.

அவள் கை ஹெல்மெட்டுக்குப் போய், பாதியில் நின்றது. கிறிஸ்டா கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மார்லிஸ் குமிழை மேலே திருப்பினாள். 'டக்' என்றது.

"...எடுக்கல."

"என்ன சொன்ன?" என்றாள் மார்லிஸ். "முதல்ல என்னமோ சொன்னியே."

காதுக்குள் மகளின் மூச்சு மிக அருகில் கேட்டது.

"ஒண்ணுமில்ல. கட்டையை எடுக்கலம்மா நீ."

மார்லிஸ் குனிந்து கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கட்டை ஈரப்புல்லில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இன்னொரு முறை இழுத்தாள்.