தட்டினால்தான் விழித்திருக்கும்

எங்கள் அலுவலகத்துக் கணினிகளை எல்லாம் என் அண்ணன் ஒரே நாளில் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, ஆளுக்கு ஒரு டேப்லெட்டைத் தலையில் கட்டினான். "இனிமே மேசையே வேணாம். எங்க வேணும்னாலும் உக்காந்து வேலை பாக்கலாம்" என்றான். அன்றிலிருந்து நாங்கள் எங்கெங்கோ உட்கார்ந்து பார்த்தோம். வேலைதான் எங்கேயும் நடக்கவில்லை.

எங்கள் தொழில் படங்களுக்குச் சப்டைட்டில் போடுவது. இரண்டு அறை, ஒரு ஜன்னல், முதலாளி என் அண்ணன். முன்பெல்லாம் என் திரையில் மேலே படம் ஓடும், கீழே வசனம், ஓரத்தில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோடு, பின்னால் அகராதி. நாலும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருக்கும். டேப்லெட்டில் இரண்டைச் சேர்ந்தாற்போல் காட்டுவதற்கே அது பெரிய மனது பண்ண வேண்டும். வசனத்தைத் தொட்டால் படம் நின்றுவிடும். ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கப் போய்விட்டுத் திரும்பினால், படம் ஓடிய ஆப் என்னை யாரென்றே தெரியாததுபோல முதல் காட்சியிலிருந்து ஆரம்பிக்கும்.

இதைவிடக் கூத்து, அதில் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தனம் நடத்துகிறது. ஓர் ஆப்பில் இருக்கும் கோப்பை இன்னொன்றுக்குக் கொடுத்தால் அது பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு இங்கே நான் என்ன திருத்தினாலும் அங்கே தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தபாலில் பேசிக்கொள்ளும் குடும்பம் மாதிரி. அண்ணனிடம் சொன்னால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

"உனக்குப் பழகல."

"எழுத்தைப் படத்துக்குள்ள பதிக்கும்போது அதை விட்டு நகரவே முடியலண்ணா. வேற எதையாவது திறந்தா பதிக்கிறதை நிறுத்திட்டு மறுபடி முதல்லேருந்து தொடங்குது."

"அது நல்லதுதானே? ஒரே வேலையில கவனமா இருப்பே."

கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல அதன் முன்னால் உட்கார்ந்திருப்பதற்குக் கவனம் என்று பெயர் வைத்த ஒரே ஆள் என் அண்ணன்.

இந்தத் தொழிலுக்கு நான் ஏன் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து, காது இரண்டும் போய்விட்டது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஆனால் நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் எந்த உதட்டைப் பார்ப்பது? எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்து "என்ன? என்ன?" என்பாள். "ஒண்ணுமில்லம்மா, அப்புறம் சொல்றேன்" என்பான் அண்ணன். அந்த அப்புறம் வந்ததே இல்லை. ஊரே சிரிக்கும்போது அம்மாவும் கூடவே சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அந்த ஆசை நிறைவேற ஒரு நாள் வந்தது. அம்மாவைப் போலப் பாதி வயதில் காது போனவர்களின் சங்கம் ஒரு நகைச்சுவைப் படத்தைத் திரையிட ஏற்பாடு செய்தது. சப்டைட்டில் எங்கள் பொறுப்பு. ஒரு பிடிவாதக்காரத் தம்பதி ஒரு பெரிய அலமாரியைப் புது வீட்டுக்குள் கொண்டுபோகப் படும் பாடுதான் கதை. வசனத்தை எழுதி முடித்த பிறகுதான், படத்தின் வேகமும் எழுத்தின் வேகமும் ஒரு நூலளவு பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தேன். ஆரம்பத்தில் தெரியாது. போகப்போக எழுத்து பின்தங்கும். ஒவ்வொரு வரியையும் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தேன். வசனம் முழுக்க மனப்பாடமே ஆகிவிட்டது.

எழுத்தைப் படத்துக்குள் பதிக்கும் வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டான். பதிக்கிற ஆப்பில் ஏற்கெனவே என் முதல் பிரதி கிடந்தது, திருத்தாத பிரதி. அதற்கும் அதே பெயர். அதைப் பதித்து முடித்து, முதல் ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்து, "பக்கா" என்று எனக்கு ஒரு கட்டைவிரல் படத்தையும் அனுப்பிவிட்டான்.

அரங்கில் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சங்கத்தாரோடு அவர்களின் காது கேட்கிற உறவினர்களும், படத்தை எடுத்தவரும் வந்திருந்தார்கள். அண்ணன் டேப்லெட்டைப் புரொஜெக்டரோடு இணைத்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்றான். அலமாரியைப் பார்த்துக் கணவன் சொன்ன முதல் ஜோக்குக்கு அரங்கம் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், அதே நேரத்தில். நான் இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த ஜோக்குக்கு அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அதற்கடுத்ததற்கு இன்னும் தாமதம். பாதிப் படம் வருவதற்குள் கணவனின் திட்டெல்லாம் மனைவியின் வாய்க்குக் கீழே வந்துகொண்டிருந்தது. அலமாரிக் கதவு பெயர்ந்து படிக்கட்டில் உருண்டு போன பிறகு, "ஜாக்கிரதை, கீறல் விழப்போகுது" என்று எழுத்து வந்தது. உதடு படிக்கத் தெரிந்தவர்களின் காதில் பூச்சுற்ற முடியுமா? வரிசை வரிசையாகத் தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. அம்மா என்னைப் பார்த்து, "என்ன?" என்றாள்.

போய்ப் படத்தை நிறுத்தினேன். அண்ணன் திரையை இப்படியும் அப்படியும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு அப்டேட் போட்டா சரியாயிடும்."

"எழுத்து படத்தோட ஒட்டிப் போச்சுண்ணா. எதை அப்டேட் பண்ணுவே? மறுபடி பதிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"படம் ஓடுற நேரத்தை விடக் கொஞ்சம் கூட."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பலகையை அவன் தலையிலேயே உடைத்திருப்பேன். அதற்குள் அரங்க ஆபரேட்டர், படத்தை எடுத்தவர் கொடுத்த எழுத்தில்லாத படம் தன் மெஷினில் இருப்பதாகச் சொன்னார். விட்ட இடத்திலிருந்து அதை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எல்லா வரியும்தான் எனக்குத் தெரியுமே. நான் பேசுகிறேன், அவர்கள் என் உதட்டைப் பார்க்கட்டும். ஆனால் என் முகத்தில் வெளிச்சம் வேண்டும். அரங்க விளக்கைப் போட்டால் படம் வெளுத்துவிடும்.

"அண்ணா, அதுல வெள்ளையா ஒரு பக்கத்தைத் திறந்து என் மூஞ்சிக்கு நேரா பிடி."

"இதையா? இது வேலைக்கான கருவி."

"அதான் வேலை குடுக்கிறேன். பிடி."

பிடித்தான். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. மனைவியின் வசனத்துக்கு இடது பக்கம் திரும்பினேன், கணவனுக்கு வலது பக்கம். வரிசைகளில் அசைவு நின்றது. நாலைந்து வரி பேசியிருப்பேன், பொசுக்கென்று இருட்டு.

"தட்டுண்ணா!"

தட்டினான். வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது.

"அணையாம வைக்க முடியாதா?"

"சார்ஜ் கம்மியா இருக்கு. அதனால மாத்த விடமாட்டேங்குது."

"உனக்குப் பழகல" என்றேன். அந்த நிலைமையிலும் எனக்கு அது இனித்தது.

ஆக, எங்கள் முதலாளி மீதிப் படம் முழுவதும் ஒரு கையில் டேப்லெட்டை ஏந்தி, மறு கைவிரலால் அதைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டு நின்றார். அந்த அலுவலகத்தில் அவர் உருப்படியாகச் செய்த முதல் வேலை அது.

கடைசிக் காட்சி வந்தது. ஜன்னலைப் பெயர்த்து, சுவரை உடைத்து, அலமாரியை ஒருவழியாக அறைக்குள் நிறுத்திவிட்டார்கள். மனைவி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொல்கிறாள்: "ஏங்க, நம்ம வீடு மூணாவது மாடிதானே? இது ரெண்டாவது."

காது கேட்கிற உறவினர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அண்ணனும் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பில் தட்ட மறந்தான். நான் அந்த வரியைச் சொல்லி முடித்தது இருட்டில். யாருக்காக இத்தனை பாடோ, அவர்கள் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன?" என்றது அம்மாவின் குரல். தன் குரல் தனக்குக் கேட்காதவர்களின் உரத்த குரல். "என்னடா சொன்னா?"

அண்ணனின் சிரிப்பு நின்றது. அவன் வாய் திறப்பது படத்தின் வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது. அவன் சொல்லப்போவதை நான் எத்தனையோ வருடமாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவன் டேப்லெட்டைத் தட்டினான். அதைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டு முதல் வரிசைக்கு நேரே வந்து குனிந்தான். ஆபரேட்டர் படத்தை நிறுத்தினார்.

"அம்மா... அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னா... மாடி... இல்ல, முதல்ல ஜன்னல் வழியா பாக்கிறா..."

இவ்வளவு மோசமாக ஒருவன் ஜோக் சொல்லி நான் பார்த்ததில்லை. நடுவில் உளறினான், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான், மூன்றாவது மாடியையும் இரண்டாவது மாடியையும் மாற்றிச் சொல்லிப் பிறகு திருத்தினான். அம்மா அவன் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று அவன் வாயையே பார்த்தார்கள். கடைசியில் அம்மாவுக்குப் புரிந்தது. சிரிக்க ஆரம்பித்தாள். அவளைத் தொடர்ந்து அந்த வரிசை, அதற்குப் பின்னால் அடுத்தது என்று அரங்கம் முழுக்கச் சிரித்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜோக் நல்லா இருக்குடா. நீ சொல்றதுதான் படுமோசம்" என்றாள். "இன்னொரு தடவை சொல்லு."

அண்ணன் டேப்லெட்டைத் தட்டினான்.