மாதிரி வளையம்

என் வீட்டுக்காரர் சாந்த் பாஷா பெருமை பேச ஆரம்பித்தால் சோறு தண்ணி வேண்டாம். செஞ்சி பஜாருக்குப் பின்னால் எங்கள் பட்டறை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடித்துக்கொண்டிருந்தவரைத் தேடி, எண்பத்தைந்தில் மெட்ராஸிலிருந்து இராமச்சந்திரன் என்ற இன்ஜினியர் வந்தார். மரக்காணத்துக் கடலில் பெரிய இரும்பு மிதவையை நிறுத்தி, அலையிலிருந்து கரண்ட் எடுக்கப் போகிறார்களாம். மிதவையை நாலு சங்கிலி பிடித்துக்கொள்ளும். சங்கிலிக்கு ஒரு வளையம், உபரியாக இன்னொன்று. கடலை எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன் கடலுக்கு வளையம் அடிக்கப் போகிறாரே என்று நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. மிதவையிலேயே தங்கி மிஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்றார்கள். என் தம்பி சைபுதீன், நீச்சல் தெரியாதவன், நான் தூக்கி வளர்த்த பிள்ளை, முன்னால் போய் நின்றான்.

"மச்சான் அடிச்ச வளையம் இருக்குதுக்கா. இன்னா பயம்?" என்றான்.

"சோதிக்காம யாரையும் மிதவைல ஏத்த மாட்டேம்மா," என்றார் இன்ஜினியர். "பாய், மாதிரிக்கு ஒண்ணு குடுங்க."

கொல்லையில் உப்புத்தண்ணீர்த் தொட்டி கட்டி, அந்த ஒரு வளையத்தை முக்கி, மோட்டாரில் மாட்டி, அலை இழுப்பது போல் இழுத்து இழுத்து விட்டார்கள். ராப்பகலாக டக், டக் என்று ஒரே சத்தம். கரண்ட் போனால் மட்டும் ஓயும். ஓய்ந்தால்தான் எனக்குத் தூக்கம் போய்விடும்; கடலுக்கு ஏது கரண்ட் கட் என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆவணி முழுக்க ஓடியும் அதில் ஒரு கீறல் விழவில்லை. "இது ரொம்ப அடிபட்டது பாய், கடலுக்குப் புதுசே போகட்டும். இத நீங்க வெச்சிக்கங்க," என்று இன்ஜினியர் திருப்பிக் கொடுத்தார். இவர் அதைப் பட்டறை வாசலில் ஆணியடித்து மாட்டினார். மற்ற நாலும் லாரி ஏறின. தம்பியும் ஏறினான்.

ஐப்பசியில் ஒரு பகல். ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சி தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. வாசலில் தொங்கிய வளையத்தைக் காற்று சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. ரேடியோவில் புயல் என்றார்கள்.

"எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க," என்றேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் சிரித்தார். "நம்ம மாதிரியத்தான் நீயே பாத்தியே. லாரி ஆக்சில் இரும்பு புள்ள அது. நானே உக்காந்து அடிச்சேன்."

"மத்த நாலும் ஆக்சில் இரும்புதானே?"

"அதுக்கு எங்க போறது? அது ஒண்ணுக்குத்தான் இருந்திச்சி. மத்தது பழைய இரும்பு, ஆளுங்க அடிச்சாங்க. மாதிரின்னு கேட்டா இருக்கறதுல நல்லதத்தானே குடுப்பாங்க?"

எங்கள் ஊரில் மாதிரி என்றால் அப்படித்தான். புடவைக் கடையில் முதலில் விரிப்பதும், மாம்பழக் கூடையில் மேலாக அடுக்குவதும் மாதிரிதான். இன்ஜினியர் கேட்டதோ கைக்கு அகப்பட்ட ஏதோ ஒன்றை. அவரும் விளக்கிச் சொல்லவில்லை, இவரும் திருப்பிக் கேட்கவில்லை. பாழாய்ப்போன ஒரு வார்த்தை! என் முகத்தைப் பார்த்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மழையில் போஸ்ட் ஆபீசுக்கு ஓடினோம். காத்துக் கிடந்து ட்ரங்க் கால் கிடைத்தது. மரக்காணம் கரையிலிருந்த ஆபீஸ் ஆள் கத்தினான்.

"ரெண்டு வளையம் வுட்டுப்போச்சி. படகு எறக்க முடியல. உங்க ஆளு மேல நின்னுக்கினு கைய ஆட்டறாரு."

அதோடு லைன் போய்விட்டது.

பட்டறைக்குத் திரும்பியதும் என் வீட்டுக்காரர் வாசலில் தொங்கிய வளையத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நனைந்தபடியே திண்டிவனம் பஸ்ஸுக்கு ஓடினார். அதை வைத்துக்கொண்டு இவரால் என்ன செய்துவிட முடியும்? எங்கள் பட்டறையில் அடித்ததில் நம்பக்கூடிய வளையம் அது ஒன்றுதான். கடலுக்குப் போகாததும் அது ஒன்றுதான்.