நல்லா இருக்குக்கா

“என் சத்தத்தைக் கூட்டுங்க.”

ஒத்திகை அறையில் இருந்த மூன்று ஆண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். குழுவில் சேர்ந்த முதல் நாளே, கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்ட ஒரே விஷயம் அது. சொன்னவர் வாத்தியார். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை கிட்டாரும் பாட்டும். குழுவுக்கு அவர்தான் தலைவர். “ஒண்ணே ஒண்ணுதான்க்கா. இங்க யாரும் தன் சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கேக்கக் கூடாது. ஒருத்தர் கேட்டா நாலு பேரும் கேப்பாங்க. அப்புறம் பாட்டா கேக்கும்? சந்தைக்கடைதான் கேக்கும்.”

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. வாய் திறந்து எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவளுக்கு, கேட்காதே என்று சட்டம் போட்டால் என்ன நஷ்டம்?

வயது ஐம்பத்து மூன்று. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. முப்பது வருஷமாக ஊரார் கையையெல்லாம் பிடித்தாயிற்று. ஆனால் கையை நீட்டுகிற யாரும் அவளைப் பார்ப்பதில்லை. ஊசி ஏறும்போது எல்லோருக்கும் சுவரைப் பார்க்கத்தான் பிடிக்கும். அம்மா போன பிறகு வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். தங்கச்சி வாரம் ஒருமுறை கூப்பிடுவாள். மருமகள் புராணம் முழுக்கப் பாடி முடித்துவிட்டு, “சரிக்கா, நீ சொல்லு” என்பாள். அவள் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அங்கே காலிங்பெல் அடிக்கும்.

பல் வலிக்குப் போன இடத்தில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். ‘பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் தேவை. புதிதாகக் கற்பவரும் வரலாம்.’ ஒட்டியிருந்தவர் பல் டாக்டரேதான். குழுவில் கீபோர்டு அவர். வாயில் பஞ்சோடு, “நான் வரலாமா?” என்று கேட்டாள். டாக்டருக்குப் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“இந்த வயசுல உனக்கு கிட்டாரா?” என்றாள் தங்கச்சி.

“இது வேறடி. நாலே கம்பிதான்.”

“நாலு கம்பியோ நாப்பது கம்பியோ, முட்டி வலிக்கு எந்தக் கம்பியைப் பிடிப்பே?”

சிரித்தாள். காரணத்தைச் சொல்லவில்லை. தான் ஒருநாள் வராவிட்டால், வரவில்லை என்று தெரிகிற இடம் ஒன்று வேண்டியிருந்தது அவளுக்கு. அவ்வளவுதான். பேஸ் இல்லாத பாட்டு அஸ்திவாரம் இல்லாத வீடு என்று வாத்தியார் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.

நாலு மாதம் நாய்படாத பாடு பட்டாள். தடித்த கம்பியை அழுத்தி அழுத்தி இடது கை விரல் நுனிகள் காய்த்துப் போயின. அந்த விரல்களால்தான் அவள் நரம்பைத் தேடுவாள், இப்போது தட்டுப்படவில்லை. யாருக்கும் தெரியாமல் வலது கையால் தேடப் பழகிக்கொண்டாள். ஞாயிறுதோறும் வாசித்து முடித்ததும் வாத்தியார், “நல்லா இருக்குக்கா” என்பார். டாக்டர் தலையாட்டுவார். டிரம்ஸ் வாசிக்கிறவன் கூரியர் ஆபீஸ்காரன், பட்டப்பெயர் பார்சல். “ஊசிக்கா அசத்திட்டீங்க” என்பான். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு வியாழன்வரை வரும். ஒத்திகை முடிந்ததும் டிரம்ஸைக் காரில் ஏற்ற அவள்தான் அவனுக்குக் கை கொடுப்பாள்.

போன வாரம் ஒரு கம்பெனி ஆண்டுவிழாவில் முதல் மேடை. மூன்றாவது பாட்டின் நடுவில் கிட்டாரின் தோள்வார் கழன்றுவிட்டது. கிட்டார் நழுவ, முட்டியால் தாங்கி, இரண்டு கையாலும் வாரை மாட்டுவதற்குள் பாதிச் சரணம் போய்விட்டது. யாரும் திட்டவில்லை. அதுவே அவளுக்குக் கூசியது.

நேற்று வாத்தியாரின் மனைவி எடுத்த வீடியோ வாட்ஸாப்பில் வந்தது. சாப்பாட்டு நேரத்தில், ரத்தக் குழாய்ப் பெட்டிகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து, தன் மானம் எவ்வளவு போயிற்று என்று பார்க்கலாமென்று திறந்தாள். மூன்றாவது பாட்டு. வார் கழன்றது. அவள் குனிந்து தடுமாறுகிறாள். இரண்டு கையும் வாரில்.

பேஸ் கேட்டுக்கொண்டே இருந்தது. டும், டும், டும். ஒரு அடி குறையாமல்.

மறுபடி பார்த்தாள். கேமரா விலகியபோது பல் டாக்டரின் இடது கை தெரிந்தது. கீபோர்டின் ஓரத்தில், அவள் நாலு மாதம் உருப்போட்ட ஒவ்வொரு அடியையும் அந்தக் கை சர்வசாதாரணமாக வாசித்துக்கொண்டிருந்தது. அவள் சத்தம் அவள் காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் மட்டும், அவளுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. சபைக்குப் போனதே இல்லை.

ஆகவே இந்த ஞாயிறு வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டாள்.

“என்னக்கா திடீர்னு?” என்றார் வாத்தியார்.

“வீடியோ பார்த்தேன். டாக்டர் இடது கையை எடுக்கட்டும். என் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கர்ல விடுங்க. ஒரே பாட்டு.”

டாக்டர் காது சிவந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். வாத்தியார் போய் மிக்ஸரில் ஒரு குமிழைத் திருகினார். பார்சல் குச்சியைத் தட்டி எண்ணினான்.

முதல்முறையாக அறை முழுக்க அவள் சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. சரியில்லை. அது அவளுக்கே தெரிந்தது. ஒவ்வொரு அடியும் டிரம்ஸுக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுந்தது. பஸ் கிளம்பிய பிறகு ஓடிவந்து ஏறுகிறவள் மாதிரி. பாட்டு முடிந்தது. யாரும் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை.

“புரியுதாக்கா?” வாத்தியார் குரல் மெத்தென்று இருந்தது. “உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்.”

“அப்ப என்னை எதுக்கு வச்சிருந்தீங்க?”

அவர் பார்சலைப் பார்த்தார். பார்சல்தான் போட்டு உடைத்தான். “நாலு பேர் நின்னாத்தான் மேடை நெறஞ்ச மாதிரி இருக்கும்க்கா.”

“நாற்காலியைத் தூக்கி வச்சிருக்கலாமே. அதுக்கு விரல் காய்ச்சுப் போயிருக்காது.”

“அப்படியில்லக்கா, ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீங்க” என்றார் டாக்டர்.

“போயிருக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன். அடுத்த ஞாயிறு வந்திருப்பேன்.” கம்பியிலிருந்து கையை எடுத்தாள். “எங்கிட்ட வர்றவங்க, ஊசி தப்பினா அந்த நிமிஷமே கத்துவாங்க. கத்தக் கத்தத்தான் நான் தொழில் கத்துக்கிட்டேன். நீங்க நாலு மாசமா வலிக்கவே இல்லைன்னு சொன்னீங்க. நான் பின்னாடி விழறேன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ‘அக்கா, லேட்டு.’ ரெண்டே வார்த்தை.”

“சரிக்கா, இனிமே சொல்றோம். இந்த மாசக் கடைசில ஒரு விழா இருக்கு, அது மட்டும் பழையபடி…” என்று இழுத்தார் வாத்தியார்.

அவள் கிட்டாரை உறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். கோபத்தில் அல்ல, நிதானமாக. கடைசி அடியை வாசிக்கும்போதே அவளுக்கு முடிவாகியிருந்தது, மற்றதெல்லாம் பேச்சு.

“ஊசிக்கா, அப்ப டிரம்ஸை யார் கார்ல ஏத்துறது?” என்றான் பார்சல். வாத்தியார் அவனை முறைத்தார். பாவம், அந்த அறையில் அன்று ஒருவன் உண்மை பேசினான்.

“பார்சல்ல அனுப்புடா தம்பி” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

படியில் பாதி இறங்கும்போது மேலே எண்ணுகிற சத்தம் கேட்டது. அதே பாட்டு. மூன்று பேர் வாசித்தார்கள். அவள் நின்று கேட்டாள், எங்காவது ஒரு குறை தட்டுகிறதா என்று. ஒன்றும் குறையவில்லை. கிட்டாரை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு மீதிப் படிகளை இறங்கித் தெருவுக்கு வந்தாள்.