சவரக் கண்ணாடியில் ஒரு நட்சத்திரம்

1

முதல் நாள் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: தவசியாகிய நான், என் மகன் சுரேஷ்கண்ணன், மருமகள் வேல்விழி, பேத்தி ஓவியா, பக்கத்து வீட்டு இருளம்மாள். வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்லித் திரிகிறவர்களால்தான் நான் இதை எழுத வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டுக் கதையை ஊர் எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

திராட்சைப் பந்தலில் கவாத்து முடிந்திருந்த ஒரு

(வேண்டாம். கவாத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

மனித மனம் என்பது

(எனக்குத் தெரியாதது. அதைப் படிக்கிறவள் ஓவியா.)

2

ஓவியா கோயம்புத்தூரில் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு முடித்து விடுமுறைக்கு வந்திருந்தாள். மூன்றாம் ஆண்டுப் பிராக்டிகலுக்கு ஆள் வேண்டும் என்றாள். ஒரு தாளில் நட்சத்திரம் வரைந்து, அதைச் சுற்றி இன்னொரு நட்சத்திரம் வரைந்தாள். தாளை நேராகப் பார்க்க முடியாதபடி அட்டையால் மறைத்து, எதிரே அவள் அப்பாவின் சவரக் கண்ணாடியை நிறுத்தினாள். கண்ணாடியை மட்டும் பார்த்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரிவதால் யார் கையும் முதலில் கோணும். பழகப் பழகக் கை எப்படித் திருந்துகிறது என்பதுதான் பாடம்.

மோர் வாங்க வந்த இருளம்மாள் உட்கார்ந்தாள்.

"கை எங்கிட்டோ போகுது ஆத்தா."

"போகட்டும் அத்தை. கோட்டை மட்டும் பாருங்க."

"கம்மலத் தொலச்சவ கையி. இடப்பக்கமே இழுக்குது."

மறுநாள் அவளுடைய கம்மல் மாட்டுக்கொட்டத்தின் இடது மூலையில் கிடைத்தது. மாடுகளுக்கு நன்றி சொல்லியிருக்கலாம். அவள் தெரு முழுக்க ஓவியாவைச் சொன்னாள். கண்ணாடி, மறைப்பு, நட்சத்திரச் சக்கரம்: எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பிள்ளை மை போட்டுப் பார்க்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். வாசலில் தேங்காயும் வெற்றிலை பாக்குமாக ஆட்கள் வந்து நின்றார்கள்.*

* தேங்காய்களைத் திருப்பிக் கொடுத்தோம். சட்னி அரைத்ததாகச் சொல்வது பொய்.

3

பலவேசம் கோயில் கமிட்டித் தலைவர். அவரைக் கெட்டவராக எழுதினால் கதைக்குச் சுலபம். எழுதியும் பார்த்தேன், மீசையெல்லாம் வைத்து. அவருக்கு மீசை கிடையாது. அடித்துவிட்டேன்.

"அண்ணே, சின்னமனூர்ல இருந்துகூடக் கேட்டு வாராக. குறி சொல்ற வீட்டுக்குத் திருவிழாவுல வழக்கம்போலப் பரிவட்டம் கட்டலாமான்னு கமிட்டியில பேச்சு."

"எங்க வீட்டுல யாருய்யா குறி சொன்னது?"

"நான் நம்பல." குரலைத் தாழ்த்தினார். "என் தோட்டத்து மோட்டார் களவு போயிருச்சு. பிள்ளைய ஒரு தடவ பாக்கச் சொல்லுங்களேன்."

அவர் போனதும் சுரேஷ்கண்ணன் சொன்னான்: "படிச்சது போதும். மாப்பிள்ளை பாப்போம்."

"கண்ணாடி ஒங்களதுதான?" என்றாள் வேல்விழி. "ஒங்க சவரத்தையும் நிறுத்திருவோமா?"

ஓவியா என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் கடைசி வார்த்தை என்னுடையது. (இங்கே நான் எழுந்து தோட்டம் வரை போய்விட்டு வந்தேன். எழுதும்போதும் அப்படித்தான். உட்கார முடியவில்லை.) என் தகப்பனார் தலையில் கட்டிய பரிவட்டம் ஒரு பக்கம். மறுபக்கம்

(மறுபக்கத்துக்குப் பெரிய சொல் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை. ஓவியா, அவ்வளவுதான்.)

4

கமிட்டி கூடிய மண்டபத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு கண்ணாடியோடு போனேன். எல்லோர் முன்னாலும் நானே உட்கார்ந்தேன். என் கையெழுத்தைப் பார்த்துப் பத்திரம் எழுதிப் பழகியவர்கள் இந்த ஊரில் உண்டு. அந்தக் கை நட்சத்திரத்தின் முதல் முனையிலேயே நின்று உதறியது. வலப்பக்கம் போ என்றால் இடப்பக்கம் போனது. பிள்ளைகள் சிரித்தன. நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

"என்னண்ணே தெரியுது?" என்றார் பலவேசம்.

"நட்சத்திரந்தான் தெரியுது. கைதான் போகமாட்டேங்குது. நீரு வந்து ஒம்ம மோட்டாரத் தேடும்."

அவர் உட்கார்ந்தார். அவர் பென்சில் தாளைவிட்டே இறங்கி மேசையில் ஓடியது. அதன் பிறகு ஆளாளுக்கு வரிசையில் நின்றார்கள். "தாத்தா, பிராக்டிகல் ரெக்கார்டுக்குப் போதும் போதும்னு ஆள் கெடச்சிட்டாக," என்று ஓவியா என் காதில் சொன்னாள்.

5

இதைப் படித்துப் பார்த்த ஓவியா, முடிவு இல்லையே என்றாள். திருவிழா இன்னும் வரவில்லை. பரிவட்டம் எங்களுக்குக் கட்டுவதாக எழுதலாம். பலவேசம் வேறு தலையைத் தேடுவதாகவும் எழுதலாம். இரண்டையும் எழுதிக் கிழித்தேன். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நான் போய்க் கேட்கப் போவதில்லை.

ஒன்று மட்டும். கண்ணாடியைப் பார்த்ததில் தவசிக்குக் கை இழுத்துக்கொண்டது, அந்தப் பயத்தில் பேத்தியின் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று கூடலூர் வரைக்கும் பேச்சு. இரண்டும் பொய். ஓவியா மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பெட்டியைத் தூக்கிப்போய் அவளை பஸ் ஏற்றியது இந்தக் கைதான். இதை எழுதியதும் இதே கை.